ஜும்ஆ நேரத்து வளைகாப்பு

காலையிலிருந்து கட்டடத்து வாட்ஸ்அப் குழு மூச்சு விடவில்லை.

சீதாலட்சுமி முதலில் போன்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாள். வளைகுடா ஊரான குதைபியாவின் அந்தப் பழைய நாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் ஒரு சண்டை, ஓடினால் அதற்குக் கரண்ட் பில் யார் கட்டுவது என்று ஒரு சண்டை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் பூனை தானாக விழுந்ததா, யாராவது தள்ளிவிட்டார்களா என்பதை ஒரு நோன்பு மாதம் முழுக்க ஆராய்ந்த குழு அது. வெள்ளிக்கிழமை என்றால் விடிவதற்கு முன்பே ஜும்ஆ முபாரக்குகளும் மகாலட்சுமி படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். நடுவில் யாராவது ஒரு புண்ணியவான் ரோஜாப்பூ மேல் காப்பிக் கோப்பையை வைத்து அனுப்பி இரண்டு மதத்துக்கும் பொதுவாக வணக்கம் சொல்வார். இன்று ரோஜாவும் இல்லை, காப்பியும் இல்லை.

போனை அணைத்து மறுபடி போட்டு, குழுவைத் திறந்தாள். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. எதிர் ஃபிளாட் சுசீலா அவளைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தாள்.

ஆக, குழு அமைதியாக இல்லை. எங்கேயோ பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அவளுக்குத்தான் கேட்கவில்லை.

மெயின் ரோட்டுப் பாலிகிளினிக்கில் அவள் நர்ஸ். வாரத்தில் ஆறு நாள் ஊசி போடுவதும், டாக்டரின் கிறுக்கலை நோயாளிக்குத் தமிழிலும் இந்தியிலும் மொழிபெயர்ப்பதும் டூட்டி. ஏழாவது நாள் விடுமுறை. அந்த விடுமுறையின் நடுவில், ஜும்ஆ தொழுகைக்கும், தொழாதவர்கள் சீட்டாட்டத்துக்குமாகக் கட்டடத்து ஆண்களும் கடைக்காரர்களும் மொத்தமாகப் போய்விடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், ஷட்டர்கள் இறங்கித் தெரு வெயிலோடு தனியாகக் கிடக்கும்போது, அவள் வீட்டுக்கு வேறு மாதிரி நோயாளிகள் வருவார்கள். வீட்டுவேலைக்கு வந்தவர்கள், சலூனில் வேலை பார்ப்பவர்கள், ஒருமுறை ஸ்கூல் டீச்சர். கையில் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் இருக்கும். யாராவது பார்த்தால் சாம்பார் கொடுக்க வந்ததாக அர்த்தம். அவள் கொடுக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு, வயிற்றில் இருப்பதை இல்லாமல் செய்துகொண்டு போவார்கள். பிடிபட்டால் வந்தவளுக்கும் ஜெயில், கொடுத்தவளுக்கும் ஜெயில், அப்புறம் இரண்டு பேருக்கும் ஊருக்கு டிக்கெட்.

தெரிந்துதான் செய்தாள். கிளினிக் கழிவறைக் கதவை உடைத்து ஒரு பெண்ணைத் தூக்கிய நாளில், தானாக ஏதோ செய்துகொண்ட அந்தப் பிள்ளையின் கை தன் யூனிபாரத்தைப் பிடித்தபடியே ஜில்லிட்ட நாளில், ஆரம்பித்தது இது.

கட்டடத்தில் இது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். யாரும் போலீஸுக்குப் போகமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. சுசீலாவே இரண்டு வருஷத்துக்கு முன்னால், கணவர் ஸ்ரீனிவாசனுக்குத் தெரியாமல், எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தவள்தான். கீழ்மாடி ருக்கையா, நாலு பிள்ளைக்கு அப்புறம் ஐந்தாவது வேண்டாம் என்று இடியாப்பத்தோடு வந்தவள். உதவி வாங்கியவள் எதிரியாக மாட்டாள் என்று சீதாலட்சுமி நம்பினாள். நர்ஸுகளுக்கு மட்டும் வருகிற நோய் இது.

கொஞ்ச வாரமாக சுசீலா படியில் பார்த்தால் சிரிப்பதில்லை. ருக்கையா கதவைச் சாத்துகிற சத்தம் மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

மசூதி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் ஆரம்பித்தபோது வாசல் மணி அடித்தது.

அகிலா. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. லேடீஸ் சலூனில் புருவம் திருத்துகிற வேலை. ஏழு வாரம். மாசக் கடைசியில் விசா மெடிக்கல். இன்று மாத்திரை போட்டால் அதற்குள் ரத்தம் சுத்தமாகிவிடும். அடுத்த வெள்ளி என்று தள்ளினால் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். யாருடையது என்று சீதாலட்சுமி கேட்கவில்லை. அவள் கேட்பதே இல்லை.

"உள்ள வா பிள்ள. யாரும் பாக்கலையே?"

"யாருமே இல்லக்கா." அகிலா வியர்வையைத் துப்பட்டாவில் ஒற்றினாள். "ஆனா எல்லார் வீட்டுக் கதவும் தொறந்து கெடக்கு. கீழேர்ந்து இங்க வரைக்கும். உள்ள எட்டிப் பாத்தேன், ஆளு இல்ல."

"எல்லா வீடுமா?"

"எல்லா வீடும். அடுப்புல ஏதோ வேகுது. என்னக்கா, யாருக்காச்சும் கல்யாணமா?"

அப்போதுதான் அவளுக்கும் மணம் வந்தது. கதவிடுக்கு வழியாக, குளியலறை வென்டிலேட்டர் வழியாக, ஏசி ஓட்டை வழியாக மெதுவாக வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நல்லெண்ணெயில் புளி கொதிக்கிற மணம், எலுமிச்சை பிழிந்த மணம், தேங்காய் வறுபடுகிற மணம், அதற்கு மேல் நெய்யில் முந்திரி. ஜூலை மாத மதியத்தில், பாதிப் பேர் மேகியில் காலம் தள்ளுகிற கட்டடத்தில், ஒரே நேரத்தில் இத்தனை அடுப்பு. தெருவில் பூனைகூட இல்லாத வெயில். அந்த மணத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. லேபர் வார்டில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த வெதுவெதுப்பு.

"சாப்பாட்டு மணத்துக்கு வயித்தப் பிரட்டுதாட்டி?"

"எல்லாத்துக்கும் பிரட்டுதுக்கா."

"இன்னைக்கோட சரியாப் போவும். உக்காரு."

மாத்திரையை அலுமினியத் தாளிலிருந்து பிதுக்கிச் சின்னத் தட்டில் வைத்தாள். வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே நின்றபடி கேட்டாள்: இமாமின் குரல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அரபி தெரியாவிட்டாலும் இத்தனை வருஷத்தில் ராகம் தெரியும். மேலே ஏறும், நிற்கும், இறங்கும், அப்புறம் தெரு அதிர்கிற மாதிரி ஒரு 'ஆமீன்'. அதுதான் அவள் கடிகாரம். இன்று ஏறிய குரல் இறங்கவில்லை. ஏறிய இடத்திலேயே, ஒரே எழுத்தில், மூச்சு வாங்காமல் நின்றது.

டம்ளரோடு திரும்பும்போது ஏசி நின்றது.

கதவு தட்டினார்கள். மெதுவாக, விரல் கணுவால், விருந்துக்கு வந்தவர்கள் தட்டுகிற மாதிரி.

"போடு, சீக்கிரம் முழுங்கு," என்றாள் அகிலாவிடம், உதடு மட்டும் அசைய. அகிலா கையை நீட்டினாள். கதவு அதற்குள் திறந்துவிட்டது. பூட்டியிருந்தாளே? பூட்டியிருந்தாள். கொண்டியும் போட்டிருந்தாள்.

சுசீலா பட்டுப்புடவையில் நின்றாள். பின்னால் ருக்கையா, கறுப்பு அபாயாவுக்கு மேல் மல்லிகைச் சரம். இருவர் கையிலும் தாம்பாளம். சோறு வகைவகையாக, வாழைப்பழம், வெற்றிலை, சந்தனக் கிண்ணம். இன்னொன்றில் கண்ணாடி வளையல்கள், சிவப்பும் பச்சையுமாக, ஒரு பெரிய குவியல்.

"என்னங்க சிஸ்டர், வீட்டுல விசேஷம் வெச்சுட்டு எங்களக் கூப்பிடவே இல்லீங்களே?" என்றாள் சுசீலா. கோயமுத்தூர் மரியாதை ஒரு சொட்டுக் குறையவில்லை.

"ஒரு விசேஷமும் இல்ல சுசீலா. சாம்பார் குடுக்க வந்த பிள்ள."

"ஆமாங்க. நானும் ஊறுகாய் குடுக்கத்தானே வந்தேன்."

ருக்கையா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். நேராக அகிலாவிடம் போய், தலையைத் தடவி, நாற்காலியைக் கிழக்கே பார்க்கத் திருப்பினாள். அகிலாவும் நாற்காலியோடு திரும்பினாள், சாமான் மாதிரி.

"மாசா அல்லாஹ், முகத்துல என்னா களை பாருங்க. ஏம்மா, ஒனக்கு ஊர்ல யாரு இருக்காக? தாய் இல்லையா? அதுக்கென்ன, நாங்க இருக்கோம்ல. எத்தினி பேரு இருக்கோம்."

"ருக்கையா, அந்தப் பிள்ளைய விடுங்க. வெளிய போங்க ரெண்டு பேரும்."

"வளையல் போட்டுட்டுப் போறோம் சிஸ்டர். நல்ல காரியத்துக்கு வந்தவகள வெளிய போகச் சொல்றீயளே, பழக்கமா இது?"

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். போலீஸ் என்று மிரட்டியிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். சந்தனத்துக்கு என்ன பதில் சொல்வது? சுசீலா குனிந்து அகிலாவின் இரண்டு கன்னத்திலும் தடவினாள். நெற்றியில் குங்குமம். கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, முதல் வளையலை ஏற்றினாள். கண்ணாடி கண்ணாடியில் பட்டது.

க்ளிங்.

அகிலா லேசாக நிமிர்ந்தாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

"இது ஏழு வாரம்," என்றாள் சீதாலட்சுமி. தன் குரலில் இருந்த கெஞ்சல் அவளுக்கே பிடிக்கவில்லை. "இதெல்லாம் ஏழாம் மாசத்துல செய்யறது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. ஏழாம் மாசம் ஆனா வளையல் போடுவாங்க." அடுத்த வளையல். அடுத்தது. "போட்டாலும் ஏழாம் மாசம் ஆகும். அது உங்களுக்குத் தெரியாதுங்க."

மேசையில் தட்டு இருந்தது. மாத்திரை இருந்தது. சீதாலட்சுமி அதை எடுக்கப் போனாள். ருக்கையா முந்திக்கொண்டு, மிச்சம் மீதி துடைக்கிற பாவனையில் அபாயாக் கைநுனியால் தட்டைத் துடைத்தாள். தட்டு பளபளத்தது. அதன்மேல் ஒரு பிடி தேங்காய்ச் சோறு வைத்தாள்.

"சாப்பிடு தாயி. ரெண்டு உசுருக்கு."

அகிலா சாப்பிட்டாள். வயிற்றைப் பிரட்டுகிறது என்றவள், இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிட்டாள்.

"பிள்ள, துப்பு அத. எழும்பு. என்னப் பாரு."

அகிலா பார்க்கவில்லை. வளையல் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. தாம்பாளத்தில் குவியல் குறைவதாகத் தெரியவில்லை. ஏசி இல்லாத அறையில் ஒவ்வொரு சுவரும் ஒரு அடுப்பாகிவிட்டது. சந்தனம் வியர்வையில் கரைந்து அகிலாவின் தாடையில் வழிந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்த ஒற்றை எழுத்து இன்னும் முடியவில்லை. சீதாலட்சுமி வாழ்க்கையிலேயே முதன்முறையாக, இந்தக் கட்டடத்து ஆண்கள் சீக்கிரம் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

"சுசீலா. அன்னைக்கு நீங்கதான் அழுதீங்க. நீங்கதான் என் காலப் பிடிச்சீங்க."

சுசீலாவின் கை நின்றது. முகத்தில் அந்த மரியாதைச் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது.

"அழுதேனுங்க. அழுதா குடுத்துருவீங்களா? வேண்டாம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல. ஒருத்தராவது. அதுக்கப்புறம் எத்தனை டாக்டர், எத்தனை ஊசி. ஒண்ணும் நிக்கலீங்க சிஸ்டர். ராத்திரி ஏசிச் சத்தத்துல கேக்குது. அவரு தூங்குறாரு. எனக்கு மட்டும் கேக்குது."

"என்ன கேக்குது?"

"அம்மா, வளையல் போடலையான்னு."

சுசீலா அடுத்த வளையலை எடுத்தாள்.

க்ளிங்.

அப்போதுதான் சீதாலட்சுமி பார்த்தாள். அகிலாவின் குர்த்தா. வரும்போது தொளதொளவென்று இருந்த மஞ்சள் குர்த்தா, இப்போது நடுவில் இழுத்துப் பிடித்திருந்தது. பக்கவாட்டுத் தையல் விரிந்திருந்தது. வெக்கை, என்று நினைத்தாள். சோறு, என்று நினைத்தாள். இன்னொரு ஜோடி ஏறியது. தையல் ஒரு நூல் விட்டது.

நர்ஸின் கண் அளக்காமல் இருக்காது. மூன்று மாசம். க்ளிங். நாலு.

வாசலுக்கு ஓடினாள். கத்தலாம், படியிறங்கித் தெருவுக்குப் போகலாம், மசூதி வாசலில் விழலாம், ஜெயில் என்றால் ஜெயில்.

வாசலில் பெண்கள் நின்றார்கள்.

வரிசை படிக்கட்டில் இறங்கி, வளைந்து, கீழ் மாடிக்கும் கீழே போயிற்று. யாரும் தள்ளவில்லை. ஒவ்வொருத்தி கையிலும் ஒரு ஜோடி வளையல். முதலில் நின்றவள் மூன்றாம் மாடி. அடுத்தவள் கோல்ட் சூக் நகைச்சந்தைப் பக்கத்து டைலர் மனைவி. அவளுக்குப் பின்னால் ஸ்கூல் டீச்சர். அவள் பணி முடிந்து மதுரைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. சீதாலட்சுமியே டாக்ஸி பிடித்து ஏர்போர்ட்டுக்கு அனுப்பியிருந்தாள். டீச்சருக்குப் பின்னால், ஒரு வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸோடு வந்துபோன மட்டக்களப்புக்காரி. அவளுக்குப் பின்னால், ஈரக் கூந்தலோடு, நீலம் பாரித்த விரலில் வளையலைத் தொங்கவிட்டபடி, கிளினிக் கழிவறையில் தூக்கிய பிள்ளை.

அவள் மட்டும் சிரித்தாள்.

"உள்ள வரலாமா சிஸ்டர்?"

சீதாலட்சுமி பின்வாங்கினாள். அவர்கள் செருப்பை வரிசையாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி. சந்தனம். குங்குமம். ஒரு பிடி சோறு. க்ளிங். க்ளிங். அகிலாவின் கை தோள் வரை சிவப்பும் பச்சையும். குர்த்தா கிழிந்தது. கீழே தோல், டமாரம் மாதிரி, நரம்போடியது. உள்ளே ஏதோ ஒன்று, வளையல் சத்தம் வந்த பக்கமாகத் திரும்பியது. தோலில் தெரிந்தது அது திரும்பியது.

"ஏழு," என்றாள் ருக்கையா திருப்தியாக. "எழும்பும்மா. பாத்து."

இரண்டு பேர் பிடித்து அகிலாவை எழுப்பினார்கள். அவள் கண்ணில் தண்ணீர் மட்டும் ஓடியது. வாய் மென்றுகொண்டே இருந்தது.

"மெடிக்கல், அக்கா," என்றாள் சோற்றுக்கு நடுவில். "மெடிக்கலுக்கு என்ன சொல்றது?"

அவளை வாசல் வழியாகக் கூட்டிப்போனார்கள். வளையல் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது. வெளியே, வெயிலுக்கு.

நாற்காலி காலியாக இருந்தது.

"வளையல் போட்டவ எழும்புனா, அடுத்து ஒருத்திய அதுலயே உக்கார வைக்கணுமே," என்றாள் சுசீலா. "வழக்கம் தானுங்களே. புள்ள இல்லாதவங்க யாராவது. யாரு இருக்கீங்க?"

எல்லாரும் சீதாலட்சுமியைப் பார்த்தார்கள்.

"எனக்கு அம்பத்தி ரெண்டு வயசு." சிரிக்க முயன்றாள். "கர்ப்பப்பையே கிடையாது. பாளையங்கோட்டையில எடுத்தாச்சு. கட்டி. மொத்தமா எடுத்தாச்சு."

"அதுக்கென்னங்க."

கைகள். நிறையக் கைகள். ஒன்றும் வலிக்கவில்லை, நோயாளியை நகர்த்துகிற மாதிரி, அவளே சொல்லிக்கொடுத்த மாதிரி, தோளிலும் இடுப்பிலும் தாங்கி. நாற்காலி சூடாக இருந்தது. கன்னத்தில் சந்தனம் விழுந்தது. விரலைக் குவித்தார்கள். அவள் மணிக்கட்டுக்கு அந்த வளையல் ஏறாது. ஏறியது.

க்ளிங்.

கத்த வாயைத் திறந்தாள். சோறு வைத்தார்கள். புளிப்பு. நெய். தொண்டை தானாக விழுங்கியது.

அவள் இடது கை மட்டும் இன்னும் அவளுடையது. அது பழக்கதோஷத்தில் புடவைக்குள் போயிற்று. தழும்பைத் தொட்டது. அடிவயிறு தட்டையாக இருந்தது. காலி. தட்டை. கடவுளே, காலி.

க்ளிங்.

ஒரு விரல் அகலம் மேடிட்டது.

கை நடுங்காமல் அளந்தது. அதற்கு வேறெதுவும் தெரியாது.

க்ளிங். இரண்டு விரல்.

க்ளிங். மூன்று.

உள்ளே, எடுத்துப் போட்ட இடத்தில், ஒரு சின்னக் குதிகால் அவள் உள்ளங்கையைத் தேடி வந்து அழுத்தியது. அவள் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். வரிசை அசைந்து கொடுத்தது, அடுத்தவள் செருப்பைக் கழற்றினாள், அவளுக்குப் பின்னால் படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கீழே தெரு, தெரு முழுக்க வெள்ளை வெயிலில் பெண்கள்.